துண்டுப் போர்வை: அம்மம்மாவின் கைமுறையும் நான் பட்டுத் தெரிந்ததும்

எங்கள் வீட்டில் ஒரு போர்வை இருக்கிறது. பழைய சீலை, சட்டை, சாரம், பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றையும் வெட்டிச் சேர்த்து அம்மம்மா கையால் தைத்தது. "துண்டுப் போர்வை" என்றுதான் சொல்லுவா. திருகோணமலை உப்புவெளியில் கடல் இரையும் தூரத்தில் இருந்த வீட்டு விறாந்தையில், பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு வெளிச்சம் போகும்வரை காலை நீட்டிக்கொண்டு இருந்து தைத்தா.

1990 ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கி ஊர் கலைந்தபோது சட்டி, அரிசி, அடையாள அட்டை எல்லாம் இந்தப் போர்வைக்குள்தான் போனது. நாலு மூலையையும் சேர்த்து முடிந்து தலையில் தூக்கிக்கொண்டு நடந்தா. முடிச்சு இழுத்ததில் மூலைகள் நாலும் கிழிந்துவிட்டன. பிறகு ஒவ்வொரு மூலையிலும் மேலால் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறா. அந்த நாலும் மட்டும் நல்ல கருநீலம். 2004 மார்கழி 26 கடல் வந்தபோது அது றங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோடு உப்புத்தண்ணீர் குடித்தது. அதற்கும் தப்பிவிட்டது.

போன வருடம் நான் அதைத் தரையில் விரித்து இருந்து எண்ணினேன். 137 துண்டு. அதில் 41 துண்டு யாருடைய உடுப்பிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். மிச்சம் 96 துண்டும் இப்போது வெறும் துணிதான். தெரிந்த ஒரே ஆள் அம்மம்மா, அவவும் போய்விட்டா.

ஆகவே இந்த வழிகாட்டியை ஊசி நூலிலிருந்து தொடங்க மாட்டேன். கொப்பியிலிருந்துதான் தொடங்குவேன். ஊசியே பிடித்திராதவர்களும் செய்யலாம். தேவையானது பொறுமையும் ஒரு நாலைந்து மாதமும்.

முதலில் கொப்பி, பிறகு கத்தரிக்கோல்

துணி சேர்க்கத் தொடங்கும் அன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். கட்டம் போட்ட கணக்குக் கொப்பி இதற்கு வெகு தோதானது. ஒவ்வொரு உடுப்பும் கைக்கு வந்தவுடன், வெட்டுவதற்கு முன், ஒரு பக்கத்தில் நாலு விஷயம் எழுதுங்கள்: யாருடையது, எப்போது உடுத்தது, எங்கே வாங்கியது அல்லது யார் கொடுத்தது, அதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு. பக்கத்தில் அந்தத் துணியின் ஒரு சின்ன முனையை வெட்டி ஒட்டிவிடுங்கள். பின்னால் "பச்சைப் பூப்போட்டது" என்று எழுதி வைத்ததைப் பார்த்து எந்தப் பச்சை, எந்தப் பூ என்று தலையைச் சொறிய வேண்டி வராது.

பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "அந்தக் காலத்துக் கதை ஏதும் சொல்லுங்கோ" என்றால் ஒன்றும் வராது. நான் அப்படித்தான் கேட்டுக் கெட்டேன். அம்மம்மா சொன்ன மறுமொழி: "உனக்கென்னத்துக்கு அது? போர்த்திக்கொண்டு படு, பிள்ளை." துணியைக் கையில் கொடுங்கள். விரலால் தொட்டுக் காட்டி, "இது ஆருடைய சட்டை, அம்மம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கை துணியைத் தடவும், வாய் தானாகத் திறக்கும். ஒரு நாளில் ஏழெட்டுத் துண்டுக்கு மேல் கேட்காதீர்கள், களைத்துப்போவார்கள். நடுவில் வேறு கதைக்குப் போனால் போகவிடுங்கள். அங்கேதான் பேர்கள் வரும்.

எனக்குக் கிடைத்த 41இல் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துண்டு, சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வந்தபோது பெரியம்மா உடுத்திய சீலை. ஐந்தாறு இடத்தில் வரும் சீத்தை என்ற பூப்போட்ட பருத்தித் துணி, 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சங்கக்கடை வரிசையில் நின்று எடுத்து மூன்று பெண்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரித் தைத்த சட்டை. கோடு போட்டது தாத்தாவின் சாரம். வெள்ளைத் துண்டுகள் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைத் துணியின் மிச்சம். மிச்சத்தையும் விடமாட்டா மனுசி.

போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் உள்ளே மங்கலாக இங்கிலிஷ் எழுத்துத் தெரியும். கோதுமை மா வந்த துணிப்பைகளைப் பிரித்து நடு அடுக்காக வைத்திருக்கிறா. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் கொடியில் போட்டபோது என் மகன் வாசித்துக் கண்டுபிடித்தான்.

ஆள் இப்போது இல்லை, போர்வை மட்டும் இருக்கிறது என்றால்? போனில் துண்டு துண்டாகப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் மாமிமார், சித்திமாருக்கு அனுப்புங்கள். முழுப் போர்வையின் படத்தை அனுப்பினால் "வடிவாயிருக்கு" என்பதோடு முடிந்துவிடும். ஒரு துண்டின் படத்தை அனுப்பினால்தான் "ஐயோ, இது என்ர பாவாடையெல்லே" என்று ஆள் எடுப்பார். எங்களுக்கு டொரொண்டோவிலிருந்து இரண்டு துண்டு அப்படித் திரும்பி வந்தது. பழைய அல்பத்தையும் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் கோடும் பூவும் தெரியும்.

எந்தத் துணி, எது வேண்டாம்

பருத்திதான். திருகோணமலை வெக்கைக்கு வேறொன்றும் சரிவராது. வெயில்காலத்தில் அடிக்கும் கச்சான் என்ற சுடுகாற்றுக்கு வெறும் பருத்தியே தாங்காது, நைலெக்ஸ் என்ற செயற்கைத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பாருங்கள். துணி பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, சீமெந்துத் தரைக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கடதாசி எரிகிற மணமும் பூப்போன்ற சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பொலியெஸ்டர். இரண்டும் கலந்த துணி இரண்டு குணமும் காட்டும். சட்டைத் துணிகளில் அதுதான் கூட. அதைச் சேர்க்கலாம், தப்பில்லை.

டீ-சேர்ட் துணி இழுபடும், அதைத் தொடக்கக்காரர் விட்டுவிடுவது நல்லது. பிள்ளையின் முதல் டீ-சேர்ட் கட்டாயம் வேண்டுமென்றால் பின்னால் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்து நூலோட்டம் (தற்காலிகமாகப் பிடிக்கும் நீண்ட தையல்) போட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள்.

பழைய சீலையில் எங்கே வெட்டுவது என்பதற்கு அம்மம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது: "உள்சுற்றை வெட்டு." இடுப்பில் முதலில் சுற்றிச் செருகும் பகுதி வெயில் படாது, உரசாது. அதுதான் சீலையில் கடைசிவரை பழுதாகாமல் இருக்கும். இருந்து எழும்பித் தேய்ந்த இடமும் கால்பக்கக் கரையும் முதலில் போய்விடும். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வலைபோல் தெரிந்தால் வேண்டாம். இரண்டு பெருவிரலாலும் அமுக்கி இழுங்கள். "சர்" என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். மனசு கேட்காவிட்டால் கொப்பியில் ஒட்டிவையுங்கள். போர்வைக்குள் வைத்தால் முதல் கழுவலிலேயே ஓட்டை விழும்.

சாயம் போகிறதா என்று பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். நனைத்த வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக நாலைந்து தரம் அலசிவிட்டுத் திரும்பவும் பாருங்கள். அப்போதும் ஏறினால் ஒதுக்குங்கள். என் முதல் போர்வையில் நான் ஒதுக்கவில்லை. பத்திரகாளி அம்மன் கோவிலுக்கென்று வாங்கிய சிவப்புச் சீலை, கடைக்காரர் "சாயம் போகவே போகாது" என்று சொல்லித் தந்தது. பக்கத்தில் இருந்த பதினொரு வெள்ளைத் துண்டும் ஒரே கழுவலில் இளஞ்சிவப்பு. உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்லுவார்கள். நானும் ஊறப்போட்டுத்தான் தைத்தேன்.

வீட்டுத் துணி போதாவிட்டால் தெரிந்த தையற்கடையில் வெட்டுத்துண்டு கேளுங்கள். ஒரு பை சும்மாவே தருவார்கள். கைத்தறி பிடித்தால் மருதமுனைத் துணி நல்ல இறுக்கம், வெட்டவும் தைக்கவும் சுகம். புதுத்துணி எதுவானாலும் வெட்டுமுன் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள். பழைய சீலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. புதுத்துணி போர்வைக்குள் போன பிறகு சுருங்கத் தொடங்கினால் பக்கத்துத் துண்டெல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

கணக்கு

ஓர் ஆள் போர்க்க 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் போதும். தைத்து முடிந்த துண்டு 6 அங்குலச் சதுரம் என்றால், அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15. ஆக 150 துண்டு. நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும், அதனால் வெட்டும் அளவு ஆறரை அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒரு யார் இருந்தால் 30 துண்டு வரும். பெரிய ஆளின் ஷேர்ட் முதுகில் ஆறு தாராளமாக வரும்.

பின்பக்கத்துக்கு ஒரு முழுச் சீலை. ஐந்தரை யார் என்பது 198 அங்குலம். அதை 94 அங்குலமாக இரண்டாக வெட்டி, நீளவாட்டில் பக்கத்துக்குப் பக்கம் பொருத்துங்கள். போர்வையைவிடச் சுற்றிவர இரண்டு அங்குலம் கூட இருக்கவேண்டும், அதாவது 64 அங்குல அகலம். மிஞ்சும் இருபத்துச் சொச்சம் அங்குலப் பட்டியை எறியாதீர்கள், விளிம்புக்கு அதுதான். ஒரு சீலையில் பின்பக்கமும் விளிம்பும் சரிக்குச் சரியாக முடிவதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை வீட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

நடு அடுக்குக்குப் பழைய பெட்ஷீட் ஒன்று. இந்த ஊர் குளிருக்கு அது காணும். கடையில் விற்கும் பஞ்சு வேண்டாம். தைக்கவும் கடினம், கழுவினால் காயவே காயாது.

அம்மம்மாவிடம் அளவுநாடா இருக்கவில்லை. பிஸ்கற் ரின் மூடி ஒன்றை வைத்துத்தான் வரைந்தா. ரின் இரண்டு தரம் மாறியிருக்கிறது. போர்வையின் நடுவில் துண்டுகள் பெரிதாகி, பிறகு சிறிதாவதை வைத்து எங்கே மாறியது என்று சொல்லலாம். அப்படி அளவு மாறினால் வரிசைகளைப் பொருத்த அவவின் அனுபவம் வேண்டும். நீங்கள் ஒரே அளவில் நில்லுங்கள்.

சாமான்கள்

துணி வெட்டவென்றே ஒரு கத்தரிக்கோல் வைத்து, அதால் கடதாசி வெட்டுபவர்களை வீட்டில் எதிரியாகப் பாருங்கள். கை ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். ஒன்பதாம் நம்பர் அளவில் நீளம் குறைந்த ஊசி எடுத்தால் அடுக்கைக் குத்தி எடுக்கச் சுகம். பருத்தி நூல், ஒரு பெட்டிச் சட்டைப்பின், அளவுநாடா, பென்சில், இருட்டுத் துணிக்குத் தையல் சோக். நடுவிரலில் மாட்டும் உலோகத் தொப்பியைத் "திம்பிள்" என்று கேளுங்கள். அது இல்லாமலும் தைக்கலாம், இரண்டாம் நாள் விரலைப் பார்த்துவிட்டு நீங்களே போய் வாங்குவீர்கள்.

அளவுக்கு அட்டை வெட்டாதீர்கள். ஐம்பது துண்டு வரைவதற்குள் அட்டையின் ஓரம் தேய்ந்து அளவு குறையும். குளியலறைச் சுவருக்குப் பதிக்கும் ஆறு அங்குல டைல் ஒன்று எடுங்கள். கட்டடம் நடக்கும் எந்த வீட்டிலும் மிச்சம் கிடக்கும். தேயாது, பாரமாக இருப்பதால் துணியில் அசையாமல் நிற்கும். சரியாக ஆறு அங்குலம் இல்லாவிட்டாலும் காரியமில்லை, 150 துண்டையும் அதே டைலால் வரைந்தால் சரி.

வரைதலும் வெட்டுதலும்

துணியைத் தண்ணீர் தெளித்து அயன் பண்ணிவிட்டு, பின்பக்கம் மேலாக விரியுங்கள். டைலின் ஓரம் துணியின் இழைக்கு நேராக இருக்கவேண்டும். சரிவாக வைத்தால் துண்டு கையில் ரப்பர்போல் இழுபடும். டைலைச் சுற்றிப் பென்சிலால் கோடு. இந்தக் கோடு வெட்டும் கோடு இல்லை, தைக்கும் கோடு. அதற்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெளியோரம் கொஞ்சம் கோணினாலும் தையல் கோட்டின்மேல் போனால் போர்வை கோணாது. குமிழ்முனைப் பேனையால் கோடு போடாதீர்கள், கழுவும்போது மை ஊறும்.

ஒவ்வொரு உடுப்பிலும் ஐந்து துண்டு கூட வெட்டித் தனிப் பையில் போட்டுவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பரப்பிப் பார்த்தல்

ஒரு முழுப் பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பாய் விரித்து, பத்துக்குப் பதினைந்தாகத் துண்டுகளைப் பரப்புங்கள், காற்றாடியை நிறுத்திவிட்டு. முதலில் எளிதான முறை, வெளிர் ஒன்று கடும் ஒன்றாக மாறிமாறி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். ஓரிடத்தில் இருட்டு முட்டியாகச் சேர்ந்திருந்தால் தெரியும். இல்லாவிட்டால் போனில் படம் எடுத்துச் சின்னதாக்கிப் பாருங்கள், அதே வேலைதான்.

யாரை யாருக்குப் பக்கத்தில் வைப்பது என்ற பிரச்சினையும் இங்கேதான் வரும். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு சித்திமாரின் சட்டைகளை அம்மம்மா ஒட்டி ஒட்டியே வைத்திருக்கிறா. வேண்டுமென்று செய்தாவா என்று கேட்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.

ஒழுங்கு சரி என்றானதும் கொப்பியின் கட்டத்தில் அதை அப்படியே இறக்குங்கள். வரிசைக்கு அ, ஆ, இ. நிரலுக்கு 1 முதல் 10. "உ 4: அப்பாவின் வங்கி வேலைச் சட்டை" என்பதுபோல். இந்த ஒரு பக்கம் மட்டும் அம்மம்மாவிடம் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திராது. பிறகு ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, ஒரு கடதாசியில் எழுத்துக் குறித்துப் பின் குத்தி வையுங்கள். பூனையோ பிள்ளையோ வந்து கலைத்தாலும் பயமில்லை.

பொருத்துதல்

மெஷின் இருந்தால் துண்டுகளை மெஷினில் பொருத்துங்கள். கையால் தைத்தால்தான் பெறுமதி என்பவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. சிங்கர் மெஷின் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது, அதுவும் இப்போது பாட்டிகாலத்துச் சாமான்தான். அம்மம்மாவிடமும் ஒரு கைமெஷின் இருந்தது. அது உழைப்புக்கு, ஊர்ச்சட்டை தைக்க. போர்வையை அதில் வைக்கவே மாட்டா.

கையால் என்றால், நூல் ஒரு முழம் போதும். நீளமாகக் கோத்தால் முடிச்சு விழும். மெழுகுதிரியில் ஒருதரம் இழுத்தால் நூல் சிக்காது. இரண்டு துண்டின் நல்ல பக்கங்களையும் முகத்துக்கு முகம் வைத்து, கோட்டின் இரண்டு முனையிலும் பின் குத்தி, அந்தக் கோட்டின்மேல் ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக விட்டு முன்னே ஓட்டிக்கொண்டு போவது. தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கெட்டித் தையல் (ஒரு குத்துப் பின்னே போய்த் திரும்ப முன்னே வருவது), நடுவில் அங்குலத்துக்கு ஒரு கெட்டித் தையல். அங்குலத்துக்கு ஐந்தாறு குத்து வந்தால் தொடக்கத்துக்கு நல்லது. எட்டு வந்தால் கெட்டிக்காரி.

மெஷினில் என்றால் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, தகட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டு போகட்டும். அரைக்கால் அங்குலம்தானே என்று தையலைத் தள்ளிப் போட்டால் ஒவ்வொரு தையலிலும் கால் அங்குலம் போகும். பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது தையல், இரண்டேகால் அங்குலம் குறைந்து, பக்கத்து வரிசையோடு பொருந்தாமல் நின்று அழவைக்கும்.

பத்துத் துண்டும் சேர்ந்தால் ஒரு வரிசை. தையல் மடிப்பை முதல் வரிசையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்த்து அயன் பண்ணுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்புகள் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். சந்தி கோணாது. வரிசைகளை மேலிருந்து கீழாக ஒன்று ஒன்றாகச் சேர்க்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு அவற்றைச் சேர்த்தால் கையில் பாரம் குறைவு.

மூன்று அடுக்கு

சீமெந்துத் தரையை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, பின்பக்கச் சீலையை நல்ல பக்கம் கீழாக விரித்து, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். அதன்மேல் பெட்ஷீட். அதன்மேல் நீங்கள் பொருத்திய மேற்பக்கம், நல்ல பக்கம் மேலாக. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே நீவிவிடுங்கள்.

இனி நூலோட்டம். நீண்ட குத்தாக, வேறு நிற நூலில், ஒரு சாணுக்கு ஒரு வரி. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் தளர்வெல்லாம் நடுவில் வந்து திமில்போல் நிற்கும். இதற்கு நேர்மாறாகச் செய்பவர்களும் உண்டு. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை, ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றிச் சுற்றி நடுவில் முடியும். ஆனால் அவர்கள் துண்டுகளை முன்கூட்டிப் பொருத்துவதில்லை, தைக்கத் தைக்கத்தான் வைத்துக்கொண்டு போவார்கள். பொருத்திய மேற்பக்கத்துக்கு நடுவே தொடக்கம்.

பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல். இதைக் கையால் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், மெஷினுக்குள் இந்தச் சுருளைத் தள்ளி இழுப்பதைவிடக் கை மேல். வங்காளத்தில் காந்தா என்ற போர்வைக்கும் பழைய சீலைகளை அடுக்கி இதே ஓட்டுத் தையலால்தான் ஒன்றாக்குகிறார்கள். கோடு இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. சதுரத்தின் உள்ளே தையலுக்கு ஒட்டி ஒரு கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்றும் போடலாம். அம்மம்மா நேர்கோடுதான் போட்டா, கரைக்கு வரும் அலைபோல் கொஞ்சம் வளைந்த நேர்கோடு. நூல் தொடங்கும் முடிச்சை மேலே விடாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஊசியை மேலடுக்கில் குத்தி, கோட்டில் எடுத்து, "டிக்" என்று முடிச்சு உள்ளே போகும்வரை இழுங்கள்.

கீழே விரல் வைத்து ஊசி முனை வந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்துத்தான் தைக்க வரும். முதல் கிழமை குத்துகள் பல்லு விழுந்த வாய்போல இருக்கும். பிரிக்காதீர்கள். கை திருந்தியது எந்த வரிசையில் என்று பின்னால் பார்க்க நன்றாக இருக்கும்.

விளிம்பு

மிச்சம் வைத்த சீலைப் பட்டியிலிருந்து இரண்டரை அங்குல அகலத்தில் நாலு கீற்று வெட்டிப் பொருத்துங்கள். சுற்றளவு 300 அங்குலம், அதற்கு மேலே ஒரு பன்னிரண்டு அங்குலம் மூலைகளுக்கு. நீளவாட்டில் இரண்டாக மடித்து அயன் பண்ணி, போர்வையின் மேற்பக்கத்தில் ஓரத்தோடு வைத்துத் தைத்து, பின்னே திருப்பி, மடிப்பைக் கையால் மறைதையலாக, நூல் வெளியே தெரியாதபடி, பிடியுங்கள். மூலையில் துணியை மேலே மடித்துத் திரும்பக் கீழே இறக்கினால் கடிதவுறைபோல் மடியும். வராவிட்டால் நேராக வெட்டி முடித்துவிடுங்கள். மூலைக்கு மேலால் ஒரு இறுக்கமான துணித்துண்டு வைத்துத் தைத்தால் மடிப்பின் குறையும் மறையும், பலமும் கூடும். எங்கள் வீட்டுப் போர்வையின் கருநீல மூலைகளைப் பார்த்துத்தான் நான் இதைப் பழகினேன்.

பெயர்

பின்பக்கத்தில், கீழ் மூலையில், வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்று. தைத்தவரின் முழுப்பெயர், ஊர், தொடங்கிய மாதம், முடித்த வருடம், யாருக்கு. பேனையால் அல்ல, நூலால், கெட்டித் தையலில். பென்சிலால் பெரிதாக எழுதி அதன்மேல் தைத்துக்கொண்டு போங்கள். "அம்மா" என்று மட்டும் தைக்காதீர்கள். மூன்று தலைமுறை கழித்து அது எந்த அம்மா என்று யாருக்குத் தெரியும்? கொப்பியின் கட்டப் பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவிடுங்கள்.

கழுவலும் வைப்பும்

வருடத்தில் ஒருமுறை போதும், அதுவும் கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில். காலையில் நனைத்தால் பின்னேரம் மடிக்கலாம். மழை தொடங்கின பிறகு, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், கழுவ நினைக்காதீர்கள். நடு அடுக்கு காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அந்தக் கறுப்புப் புள்ளி போகாது. பெரிய பேசினில் ஊறவைத்து அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியக்கூடாது. நனைந்த போர்வை நல்ல பாரம், கொடியில் போட்டால் தையல் இழுபடும். நிழலில் பாயின்மேல் விரித்து, பாதி காய்ந்ததும் புரட்டுங்கள்.

கடல்தண்ணீர் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்பு துணிக்குள் இருக்கும்வரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்காவிட்டால்தான் அம்மா நிறுத்தினா. ஏழு தரம் என்று ஞாபகம்.

றங்குப் பெட்டியில் நேரடியாக வைக்காதீர்கள். கடற்காற்றுக்குத் தகரம் துருப்பிடித்துத் துணியில் செம்மண்போல் இறங்கும். பொலித்தீன் பையும் வேண்டாம், உள்ளே வேர்க்கும். பழைய வேட்டியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள், காய்ந்த வேப்பிலையைத் தனித்துணியில் முடிந்து பக்கத்தில். மூன்று மாதத்துக்கு ஒருதரம் எடுத்து வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும்.

ஐந்து துண்டு கூட வெட்டச் சொன்னேனே, அது ஒட்டுப்போட. எந்தத் துணி முதலில் தேயும் என்று இப்போது சொல்ல முடியாது. தேய்ந்த சதுரத்தைப் பிரிக்க வேண்டாம். அதே உடுப்பின் மிச்சத் துண்டை எடுத்து, ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, பழையதன் மேலேயே வைத்து மறைதையல் போட்டு, கீழே இருந்த கோட்டைப் பின்பற்றி ஓட்டுத் தையலும் போட்டுவிடுங்கள். பழையது உள்ளே அப்படியே இருக்கும்.

அம்மம்மாவின் தையல் பெட்டிக்குள் சீலைக்கரை ஒன்றால் கட்டிய சின்ன மூட்டை ஒன்று கிடந்தது. பிரித்தால் ஒன்பது சதுரம், எல்லாம் ஓரம் மடித்து அயன் பண்ணினபடி. கோடு போட்ட சாரத் துண்டு இரண்டையும், சீத்தை ஒன்றையும் போன வருடம் நான் போர்வையில் போட்டுவிட்டேன். இன்னும் ஆறு இருக்கிறது. அதில் ஒன்று எந்த வரிசைக்கும் பொருந்தவில்லை, ஊதாவில் வெள்ளைப் புள்ளி. 137 துண்டிலும் தேடினேன், அந்தத் துணி எங்கேயும் இல்லை.